நாளை மழை இல்லை

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் நேற்று ராத்திரியிலிருந்து படுத்திருக்கிறார்.

மகள் சென்னையிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள். பஸ் இப்போதுதான் மதுரையைத் தாண்டியிருக்கிறது.

கொழுந்தன் கொம்பையா செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். ஆறு மணிக்கு மேல்தான் மழை என்று போட்டிருக்கிறதாம்.

"மதினி, நாலு மணிக்குள்ள எடுத்துருவோம். மழை வந்தா தரைப்பாலம் முங்கிரும். அப்புறம் நாளைக்குத்தான்."

சுடுகாடு ஆற்றுக்கு அக்கரையில்.

நாலு மணி என்றால் மகளுக்கு அப்பா முகம் பார்க்கக் கிடைக்காது.

வாசலிலேயே அவருடைய சைக்கிள் கடை. கதவில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. தினமும் கடையைப் பூட்டும்போது மறுநாள் வானிலையை அதில் எழுதிப் போடுவார். எறும்பு, தும்பி, கிழக்கே மின்னல், தன் முழங்கால் வலி, எல்லாம் பார்த்துச் சொல்வாராம். ஒரு நாளும் பலித்ததில்லை. அவர் மழை இல்லை என்று எழுதினால் தெருவே மொட்டைமாடிக்கு ஓடி வத்தலை அள்ளும்.

"அண்ணாச்சி எழுதிட்டாக, குடையை எடுங்கடே!"

அவர் காதுபடவே கேலி பேசுவார்கள். எழுதுவதை மட்டும் விடவில்லை மனுசன்.

மகள் கல்யாணத்துக்கும் அவர்தான் சொன்னார். சித்திரையில் மழையாவது மண்ணாவது, தெருவிலேயே பந்தல் போடுவோம் என்றார். தாலி கட்டுகிற நேரத்தில் கொட்டித் தீர்த்தது. பந்தல் சரிந்தது. சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் வண்டி ஏறினார்கள். நனைந்த பட்டுச்சேலையோடு மகள் கத்தினாள், இனிமேல் என் மூஞ்சியில் முழிக்காதீர்கள் என்று.

அவர் முழிக்கவில்லை. மகளும் வரவில்லை.

ஆறு வருஷம்.

அவள் எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் எழுதியது. கோணல் எழுத்து.

நாளை மழை இல்லை.

"அவுகதான் மழை இல்லைன்னு எழுதிப் போட்டிருக்காகல்லா. என்ன அவசரம்? குளிப்பாட்ட அடிபம்புத் தண்ணி வேண்டாம். ஆத்துல போய் எடுத்துட்டு வாங்க."

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், போன பிறகாவது புருசன் சொல்லை நம்புகிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அந்தப் பலகையை நம்பியதில்லை.

இன்றைக்கும் நம்பவில்லை.

பிளாஸ்டிக் குடம் ஆகாது, பித்தளைக் குடம்தான் வேண்டும் என்றாள். அது கட்டிலுக்கு அடியில் இருப்பது அவளுக்குத் தெரியும். பரணில் தேடினாள். நன்றாகத் தேடினாள். கொம்பையா வாசலுக்கும் பரணுக்குமாக நடந்தான். மூன்று மணிக்கு மேல்தான் குடம் அகப்பட்டது.

ஆற்றுக்குப் போனவர்கள் மேளத்தோடு தெருமுனையில் திரும்பும்போது, குடத்துக்குள் முதல் துளி விழுந்தது.

அப்புறம் கண் மண் தெரியாத மழை.

தரைப்பாலம் முங்கிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். கொம்பையா செல்போனைக் கண்டபடி திட்டினான். அவள் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் வந்தாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். உள்ளே வரப் பயந்து கடை வாசலிலேயே நின்றாள். மழை பலகையைக் கழுவி வெறுமையாக்கியிருந்தது.

"அப்பா என்ன எழுதியிருந்தாகம்மா?"

"மழை இல்லைன்னு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்று பாராமல் சத்தமாகச் சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

அப்புறம் மகள் ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

விடிகிறவரை யாரும் அவளை எழுப்பவில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.