நான்கு விரல் மண்ணீரல்

எட்டாவது கை வயிற்றில் அழுந்தியபோது கமர் ஜஹான் கண்களை மூடிக்கொண்டார்.

அந்தக் கை ரகுபதியுடையது. எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு. இரண்டு முகக்கவசம் போட்டிருந்தான். குப்பைத்தொட்டியின் மூடியைத் திறப்பவனைப் போல விரல் நுனிகளால் மட்டும் தொட்டான்.

"கையை நல்லா பதிச்சு வை. அவங்க மூச்சு இழுக்கும்போது மண்ணீரல் எறங்கி வந்து உன் விரல்ல இடிக்கும்" என்றேன்.

வைத்தான். இடித்திருக்க வேண்டும். கண்கள் விரிந்தன. பின்னால் நின்ற மாளவிகாவிடம் திரும்பி, "செம கேஸ் மச்சி" என்றான்.

எனக்கு அருவருப்பாக இருந்தது.

காலையிலிருந்தே அப்படித்தான். மயிலாப்பூரில் எங்கள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி, பெண்கள் வார்டு. பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் யாரும் எடுக்காத பெட்பேன். பினாயிலையும் மீறி மூத்திர வாடை. அதுகூடப் பழகிவிட்டது. இந்த ஒன்பது மாணவர்கள்தான் பழகவில்லை.

ஒருத்தி துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஒருவன் திரையை இழுக்காமலே சேலையை விலக்கினான். நான் ஓடிப்போய் இழுத்தேன். இன்னொருவன் தொட்டு முடித்ததும், அவர் பார்க்கப் பார்க்க, தன் விரல்களை முகர்ந்தான்.

ஒருவர்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை.

கமர் ஜஹானுக்கு ஐம்பது வயது. மீர்சாகிப்பேட்டையில் ரவிக்கைகளுக்கு ஜரிகை வேலை செய்பவர். மூன்று வாரத்துக்கு முன் ரத்த வாந்தியோடு வந்தார். ரத்தம் நின்றுவிட்டது. மண்ணீரல் மட்டும் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே நான்கு விரல் அளவுக்கு இறங்கி நின்றது. முதல் தடவை தொடுகிறவர்களுக்குக்கூடத் தப்பாமல் தட்டுப்படும்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கேஸுன்னா இன்னா டாக்டரம்மா? போலீஸ் கேஸா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நான் திரும்பியதும் சிரிப்பு நின்றது. "உங்க அம்மா படுத்திருந்தா இப்படித்தான் தொடுவீங்களா?" என்றேன். ரகுபதி தரையைப் பார்த்தான். ஆனால் அவன் கை சட்டைப் பையிலிருந்த சானிடைசரைத் தேடிக்கொண்டிருந்தது.

பதினான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இவர்களிடம் ஒரு நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்று நினைத்தபோது வாயெல்லாம் கசந்தது.

ஒன்பதாவது, தஹ்சீன். கடைசியில் நிற்கிற பெண். அவள் வாயைத் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அவள் வயிற்றைத் தொடவில்லை. விலகிக் கிடந்த சேலையை இழுத்து மூடிவிட்டு, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. ஒரு வாரமா சும்மாதான் படுத்துக்கினு கீறேன்."

"அப்ப வீட்டுக்குப் போகலையா?"

"டாக்டரம்மா ஏதோ ரிப்போர்ட் வரணும்னாங்க. பொண்ணுக்கு மொதப் புள்ள பொறந்திருக்கு. நேத்து ஏழாம் நாள், முடி எறக்கிப் பேர் வெச்சாங்க. போன்ல காட்டுனாங்க. மூஞ்சி சரியாவே தெரியல." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பண்றது? டாக்டரம்மா நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

தஹ்சீன் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கோப்பை எடுத்தாள். புரட்டினாள். கடைசிப் பக்கம்வரை போய், திரும்ப முதலிலிருந்து புரட்டினாள்.

"மர்சலின் மேம், எந்த ரிப்போர்ட் வரணும்?"

ஜன்னலுக்கு வெளியே பறக்கும் ரயில் ஒன்று போனது. அது போய் முடியட்டும் என்பதுபோல நின்றேன். போய் முடிந்தது.

"அது எப்பம்மா வரும்?" என்று கமர் ஜஹானும் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை" என்றேன். "வெள்ளிக்கிழமை கட்டாயம் போயிடலாம்."

எல்லா ரிப்போர்ட்டும் போன வாரமே வந்துவிட்டன. வீட்டுக்கு அனுப்பும் சீட்டையும் அன்றைக்கே எழுதி, என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். வியாழக்கிழமை இவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர்கள் வருகிறார்கள்; அவர்கள் முன்னால் இவர்கள் தொட்டுக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு நோயாளி வேண்டும். இப்படி இன்னொரு மண்ணீரல் அதற்குள் கிடைக்காது.

தஹ்சீன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. காலில் எதையோ மிதித்துவிட்டவள் குனிந்து பார்க்கிற பார்வை.

பிறகு கமர் ஜஹானின் காதருகே குனிந்து, உருதுவில் மெதுவாக ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள்.

எனக்கு உருது தெரியாது.

கமர் ஜஹான் என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.