பட்டினி கூடாத நாள்

“அம்மா, இந்த வீட்டில இண்டைக்கு ஒருத்தரும் பட்டினி இருக்கக்கூடாது. அது எங்கட சட்டம்” என்றாள் துர்க்கா, மேசை விரிப்பை இழுத்து நேராக்கியபடி.

யோகமலர் இன்னும் செருப்புக்கூடக் கழற்றவில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இறந்துபோன தகப்பனுக்காக இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு அமாவாசையும் வெறும் தண்ணீரோடு இருப்பவள். இன்று ஆடி அமாவாசை வேறு.

“உனக்கென்ன விசரே? இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியாதே?”

“தெரியும். எங்களுக்கு இண்டைக்குப் புதுமாதம் பிறக்குது. புதுமாத நாளில விரதம் பிடிக்கிறது தடை. நல்லாச் சாப்பிடவேணும். மற்ற நாளைவிட ஒரு கறியாவது கூட இருக்கவேணும்.”

ஜூலியனைக் கட்டுவதற்கு முன்பே யூத சமயத்துக்கு மாறியவள் துர்க்கா. ஒரு வருடம் யோகமலர் மகளோடு பேசவேயில்லை. பிறகு ஒருநாள் தானே ஃபோன் எடுத்து, “மாறினது மாறிப்போட்டாய். எடுத்த சமயத்தையாவது அரைகுறையா வைச்சிருக்காதை” என்றாள். அன்றிலிருந்து, பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாத மகளின் குசினியில் பால் சட்டி எது, இறைச்சிச் சட்டி எது என்று கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட அவள் தொட்டதில்லை.

“சட்டம் உங்களுக்கு. எனக்கில்லை.”

“மேசையில ஒராள் பட்டினியா இருந்தா அது விருந்தே?”

“அதெப்பிடி அமாவாசையும் உங்கட புதுமாதமும் ஒரே நாளில வரும்?”

“ரெண்டும் நிலாக் கணக்குத்தானே அம்மா.”

யோகமலர் கைப்பையைத் தூக்கினாள். “அப்ப நான் பஸ்ஸில வீட்ட போறன்.”

துர்க்கா போய்க் கதவை மறித்து நின்றாள். “போன அமாவாசைக்கு டோர்செட் பார்க்கில உங்கட ஃபிளாட் லிஃப்டுக்குள்ள விழுந்து கிடந்தீங்கள். நாலுக்கு மேல இருக்கவேண்டிய சுகர் ரெண்டரைக்கு இறங்கிப்போச்சு. இன்னும் பத்து நிமிசம் பிந்தியிருந்தா எண்டு டொக்ரர் சொன்னவர்.”

“டொக்ரர் சொல்லுறார் எண்டு பெத்த தகப்பனை விடேலுமோ?”

“சரி, டொக்ரரை விடுங்கோ. எடுத்த சமயத்தை அரைகுறையா வைச்சிருக்காதை எண்டு ஆர் சொன்னது? நான் முழுசாத்தான் வைச்சிருக்கிறன். வாங்கோ, இருங்கோ.”

யோகமலர் கைப்பையைக் கீழே வைத்தாள். மகளின் முகத்தையே பார்த்தாள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மேசையில் துணியால் மூடிய பாண். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பயித்தங்காய், கீரை, அப்பளம்.

“மீன், இறைச்சி ஒண்டும் இல்லை. வெங்காயம்கூடப் போடேல்லை” என்று சொல்லிக்கொண்டே துர்க்கா பாணை வெட்டி, தாயின் கோப்பையில் வைத்துக் கறிகளைப் பரிமாறினாள்.

“நீயும் இரன்.”

“நான் ஜூலியன் வந்தாப்பிறகு. நீங்கள் சாப்பிடுங்கோ.”

யோகமலர் பாணைப் பிய்த்தாள். “அப்பா, குறை நினைக்காதேங்கோ” என்று வாய்க்குள் சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்காமலே சாப்பிட்டாள். இரண்டாவது முறை கத்தரிக்காய் போட்டபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

“உந்தப் புதுமாதம் மாசாமாசம் வருமோ?”

“மாசாமாசம் வரும். இனி ஒவ்வொரு அமாவாசைக்கும் நான் வந்து ஏத்திக்கொண்டு வருவன்.”

“பெரிய கரைச்சலான சமயமா இருக்கே” என்று முணுமுணுத்தபடி யோகமலர் மாடிக்குப் படுக்கப் போனாள். துர்க்கா பின்னாலேயே போய் விரலில் குத்திச் சுகரைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

ஆறு மணிக்கு ஜூலியன் வேலையால் வந்தான். மேசையைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“இதென்ன? புதுமாதம் நாளைக்கு அல்லவா?” என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

“மெதுவாகப் பேசு. அம்மா மேலே தூங்குகிறார்.”

“நாளையென்று உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அமாவாசைக்கு அடுத்த நாள். அம்மாவுக்குத்தான் தெரியாது.”

ஜூலியன் சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்து உட்கார்ந்தான். இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்து, ஒன்றை அவள் பக்கம் தள்ளினான்.

“சரி, வா. நீயும் சாப்பிடு.”

துர்க்கா அந்தக் கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் திருப்பி வைத்தாள்.

“காலையிலிருந்து நான் தண்ணீர்தான் குடிக்கிறேன், ஜூலியன். அம்மாவின் அப்பாவுக்கு இந்த விரதத்தை இனி நான்தான் பிடிக்கப்போகிறேன்.”