சத்தம் அடங்கிய லோடர்

தேங்காய் நார்க்களத்தில் லோடர் ஓட்டும் மாசிலாமணி, துருவேறிப் பொத்தலாகிப்போன சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய இரும்புக் குழாயை வெட்டி, உள்ளே கண்ணாடிப் பஞ்சை அடைத்து, புதிதாக ஒன்றை வேலை முடிந்த ராத்திரியில் அவனே வெல்டிங் வைத்து மாட்டினான். நார்த்தூளை வெயிலில் பரப்பும் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு தினமும் திட்டியதால்தான் அந்த வேலையில் இறங்கினான்.

மறுநாள் தூளை அள்ளிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனான். தூரத்திலேயே இரைச்சல் கேட்டு ஒதுங்குகிறவர்கள் யாரும் திரும்பவில்லை. இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசியே பழகிய குரல்கள் மட்டும் குறையாமல் இருந்தன. வண்டிக்குள் இருந்தவனுக்கு முதல்முறையாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“நேத்து அவங்கிட்டயே கேட்டுட்டேன்டி,” என்றாள் நாச்சாத்தாள். “ஏன்டா, உம் பொண்டாட்டி உன்னைய ஆம்பளைன்னு நெனைக்காமத்தான் ஓடிப்போனாளான்னு. சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறான்.”

“எங்கிட்டயும் தினம் ஆட்டுறானே,” என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

இரைச்சலுக்குள் அவர்கள் வாயசைத்தபோதெல்லாம் அவன் தலையாட்டியிருக்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். அந்தக் களத்தில் அவனிடம் பேச வேறு யாரும் இல்லை.

லோடரின் முன்னால் தூள் அள்ளும் வாளியின் இரும்பு விளிம்புக்கும் நாச்சாத்தாளின் குதிகாலுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கட்டைவிரல் ஹாரன் பொத்தானின் மேல் இருந்தது. அதை மெல்ல எடுத்து, இரண்டு கைகளாலும் வண்டியை நகர்த்தும் லீவர்களைப் பிடித்துக்கொண்டான்.