நிற்காத தறி

பிளந்த உதட்டோடு பிறந்த கஸ்தூரிக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து, நர்ஸ் அம்மையார்குப்பத்துக்கே தேடி வந்துவிட்டாள்.

“எட்டு வயசாச்சேம்மா. மேலண்ணத்தையும் தைச்சாதான் பேச்சு தெளிவா வரும். ஏன் கூட்டினு வரல?”

கஸ்தூரியின் அம்மா கமலா தறியை நிறுத்தவில்லை. “அது போன தையிலயே போய்ச் சேர்ந்துடுச்சுங்க.”

நர்ஸ் கண் கலங்கி, பதிவேட்டில் கஸ்தூரியின் பெயரை அடித்துவிட்டுப் போனாள். அவள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் தறி நின்றது.

கமலா உள்ளறைத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

நூல் சுற்றிக்கொண்டிருந்த கஸ்தூரி மூக்கால் கேட்டாள்: “தறி சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா. அக்காவைப் பொண்ணு பாக்கற திருத்தணிக்காரங்களா வந்தாங்க?”

“ஆங்.”

“அவங்களுக்கு என்னைக் காட்டவே வேணாம்மா. நர்ஸம்மா வந்தா மட்டும் கூப்பிடு.”