கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"கத்தினே, வாயைக் கிழிச்சிடுவேன்!"

சீப்பின் முதுகு தொடையில் சடார் சடாரென்று இறங்கியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, சுவரில் ஒரு மோது. கழுத்து தொங்கிப்போனது.

துணிப் பொம்மைதான். அடித்தவளுக்கு வயது ஆறு. அவள் தொடையிலும் அதே இடத்தில் கன்றிப்போன தடங்கள்.

ஆஸ்பத்திரியின் விளையாட்டு அறையில், கவுன்சலர் குறுக்கிடாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். கூடையில் குச்சி, கயிறு, பொம்மை வேன் எல்லாம் இருக்க, குழந்தை தேடி எடுத்தது சீப்பை.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா. வலது கையில் கட்டு. ஸ்கூல் வேன் டிரைவரின் தாடையை உடைத்த கை அது. 'யாரும்மா அடிச்சது?' என்று கேட்டபோது குழந்தை சொன்ன ஆள் அந்த டிரைவர். இப்போது மாடி வார்டில், வாய் திறக்க முடியாமல் கம்பிக்கட்டோடு கிடந்தார்.

"பெத்தவங்க இங்க நிக்கக் கூடாது சார்," என்று நர்ஸ் மறித்தாள்.

தள்ளிய தள்ளில் அவள் கதவில் போய் மோதினாள். "எம் பொண்ணு அவனைப் பழி வாங்குறா. நான் பாக்க வேணாமா? அடிடா செல்லம்! கொல்லு அவனை!"

பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "போதுங்க. நோண்டி நோண்டிக் கேட்டுப் புள்ளையைச் சாகடிக்கிறாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"கொஞ்சம் பொறுடி. அந்தம்மா சரின்னுட்டா இன்னிக்கே பாப்பா நம்ம வீட்டுக்கு, அவன் ஜெயிலுக்கு."

உள்ளே கவுன்சலர் மெதுவாகக் கேட்டாள். "பொம்மைக்கு ரொம்ப வலிக்குமே கண்ணு. யார்கிட்டயாவது சொல்லுமா அது?"

குழந்தை பொம்மையை மடியில் போட்டுக்கொண்டாள். அதன் கவுனை முட்டி மறைய இழுத்துவிட்டாள். கன்னத்தைத் துடைத்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

கண்ணாடிக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் வந்தது ஆறு வயதுக் குரலாகவே இல்லை.

"யாரு கேட்டாலும் வேன் அங்கிள்னு சொல்லு. அம்மான்னு சொன்னே, கொன்னுடுவேன்!"