முதல் ரொட்டி

நான்கு நாள் மழையில் சூரியன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொட்டைமாடிச் சூரியமின் தகடுகள் சும்மா கிடக்க, அருப்புக்கோட்டையில் வீடுகளெல்லாம் பேட்டரியில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு ஒரு வேளை மட்டும் சமைத்தன. மின்சாரம் தீர்ந்து தவமணியின் பேக்கரி அடுப்பு காலையிலேயே அணைந்துவிட்டது. பிசைந்த மாவு தட்டுகளில் பொங்கி வழிந்தது.

ஊரில் சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு முதல் ரொட்டி அவள் கடையிலிருந்துதான் போகும். இன்று கோமதியின் மாமனார் இறந்துவிட்டார். வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது?

அப்போது சுவரிலிருந்த மின்பலகை விழித்துக்கொண்டது. கடைக்கு மின்சாரம் அனுப்பும் வீட்டின் பெயர் அதில் ஒளிரும். ஒரு பெயர் ஒளிர்ந்தது. பிறகு பத்து, நூறு. தெருத் தெருவாக ஊரே அவள் சுவரில் மினுங்கியது. அவள் யாரிடமும் வாய் திறந்து கேட்கவேயில்லை. அடுப்பு மெல்லச் சிவந்தது.

முதல் பெயரைப் பார்த்தாள். கோமதி வீடு. பதறிப்போய் போன் போட்டாள்.

"துட்டி வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கும்மா இது?"

"ரொட்டி வரலைன்னதுமே எல்லாருக்கும் புரிஞ்சிருச்சுக்கா. துட்டி கேக்க வந்தவங்களும் அவங்கவங்க வீட்டுல இருந்து ஆளுக்குக் கொஞ்சம் கரண்டு அனுப்புறாங்க. எங்க வீட்டுல இன்னைக்கு அடுப்பு பத்தவைக்கக் கூடாதுல்ல? அந்தக் கரண்டு உங்க அடுப்புல எரியட்டும்."