ஜவ்வு கிழிந்த வழக்கு

ராஜாத்தியின் காது ஜவ்வை அறைந்து கிழித்தவர் ஞானசெல்வி டீச்சர்தான் என்பதில் சுருளிப்பட்டியில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. போன வாரம் பள்ளிவிட்டு வந்தவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர்க்கூட்டத்தில், "டீச்சர் அடிச்சாகளா ஆத்தா?" என்று கேட்டதும் அந்த எட்டு வயதுப் பிள்ளை தலையை ஆட்டியது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

டீச்சரை வேலையை விட்டே தூக்கச் சொல்லி அறுபது கையெழுத்தோடு மனு போனது. கல்வி அதிகாரி மட்டும் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டுவிட்டார். அதற்காகத்தான் அப்பா ராக்கப்பன் திராட்சைத் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு மகளோடு தேனிக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டில், "இட்லியா, தோசையா?" என்று கேட்டார். தலையாட்டினாள். இரண்டையும் வாங்கிக் கொடுத்தார். நியாயம் கேட்கப் போகிற பிள்ளை தெம்பாக இருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் டீச்சர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். என்ன நெஞ்சழுத்தம் என்று ராக்கப்பன் வியந்தார்.

டாக்டர் விளக்கடித்து இரண்டு காதையும் பார்த்தார். "ஓட்டை இருக்கு."

"அதையே எழுதுங்க சார். கிழிச்சது டீச்சர்னும் எழுதிருங்க."

"அறைஞ்சு கிழிஞ்சா ஓரம் பிசிறா இருக்கும், ரத்தம் கட்டியிருக்கும். இது ஓரமெல்லாம் ஆறி வட்டமா இருக்கு. சுத்தி வெள்ளை வெள்ளையாத் தழும்பு. இன்னொரு காதுலயும் ஜவ்வு உள்வாங்கி ஒட்டிக்கிடக்கு. சின்னதுல சீழ் வந்துச்சா?"

"எந்தப் பிள்ளைக்கு சார் வரல? நாலு வருசமா வரும், போகும். எண்ணெயக் காய்ச்சி ஊத்துவோம்."

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க," என்றார் டாக்டர்.

பிறகு ராஜாத்தியின் காதோரம் குனிந்து, வாசல் பெஞ்சுவரை எட்டும்படி கேட்டார். "டீச்சர் உன்னை அடிச்சாங்களா?"

"இல்லயே. அவுக என்னைய முன்னால உக்கார வச்சாக. கிட்ட வந்து பேசுவாக."

ராக்கப்பனுக்கு முகம் கறுத்தது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினார். "பெறகு எதுக்குடி ஊரே கேக்கையில மண்டைய மண்டைய ஆட்டுன?"

இந்தத் தடவை அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"அவுக என்ன கேட்டாகன்னே எனக்குக் கேக்கலப்பா."